பெருந்தெருவும் மறைந்த மனைகளும்

மலைநாட்டிலே வீதி அமைப்பது எளிதான காரியம் அன்று. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. பாதையைச் சற்று அகலமாக்க விரும்பினால் மலையை வெட்ட வேண்டும். அல்லது பள்ளத்தை நிரப்ப வேண்டும். மலையை வெட்டினால் மேலே நிற்கும் தேயிலையும் அதனருகே இருக்கும் குடியிருப்பும் ஆட்டங்காணும். பள்ளத்தை நிரப்பினால் வீதியோரத்துக் கடையும் அதன் பின்னால் உள்ள வீடும் மறைந்துபோகும். ஆகவே மலைநாட்டு வீதி ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மனையின் மேலேயோ, தோட்டத்தின் மேலேயோதான் செல்கின்றது எனலாம்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவல வழியாக ஹோர்ட்டன் சமவெளியை நோக்கி ஏறும் பாதையிலே பட்டிப்பொல என்னும் சிற்றூர் இருக்கின்றது. இலங்கையிலுள்ள புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது இங்கேதான் உள்ளது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், பெரும்பாலும் மூடுபனியால் சூழப்பட்டு நிற்கும் அந்நிலையத்தைப் பார்க்கும் பயணி அதன் உயரத்தைக் கண்டு வியக்கின்றான். பாதையைக் கட்டிய பொறியியலாளரின் திறமையைப் புகழ்கின்றான். ஆனால், இந்தப் பாதைக்கு இடம் விட்டவர்கள் யாவர், அவர்களுடைய வீடுகள் எங்கே இருந்தன என்ற கேள்வி அவன் மனத்தில் எழுவது அரிது. வீதியின் வரலாறு கல்லிலே எழுதப்படுகின்றது. வீதிக்காக இடிக்கப்பட்டவற்றின் வரலாறு கோப்புக்களுக்குள்ளே கிடக்கின்றது. அக்கோப்புக்கள் எத்தகையன, அவற்றில் யாருடைய பெயர் ஏறுகின்றது, யாருடைய பெயர் ஏறாமற் போகின்றது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

காணியையும் குடியையும் ஏட்டில் எழுதி வைக்கும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு இராசராச சோழன் விட்ட ஊர்களைப் பற்றிய கல்வெட்டுக்கள், வரி பெறத்தக்க நிலத்தைக் கணக்கிடும்போது வரியில்லாத இடங்களைத் தனித்தனியே கூறிக் கழிக்கின்றன. குடியிருப்பு நத்தம், குளம், வாய்க்கால், கம்மாளர் சேரி, பறையர் சேரி, சுடுகாடு ஆகிய யாவும் அங்கே பெயர் பெறுகின்றன. வரி கொடாத நிலம் என்பதற்காகவேனும் நிலமற்ற ஏழைகளின் சேரி கல்லிலே இடம் பெற்றுவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த ஊரில் அவர்கள் குடியிருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சான்றாக நிற்கின்றது.

இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் தொடங்கிவைத்த தோம்பு முறையை விரிவாக்கினர். காணித்தோம்பு என்றும் தலைத்தோம்பு என்றும் அவர்கள் இருவகை இடாப்புக்களை வைத்திருந்தனர். முன்னது நிலத்தையும் மரங்களையும் உரித்தையும் கூறும். பின்னது அந்நிலத்தோடு தொடர்புற்ற குடும்பங்களில் உள்ளவர்களைப் பெயர் சொல்லிக் கூறும். வரி வாங்கவும் ஊழியம் பெறவுமே இவை எழுதப்பட்டன என்பது உண்மை. ஆயினும் மண்ணையும் மனிதரையும் சேர்த்தே எழுதிய காரணத்தினால், இன்று தம் முன்னோரைத் தேடுவோருக்கு அவை பெருந்துணையாக இருக்கின்றன. கண்டி இராச்சியத்திலோ ஒல்லாந்தரின் தோம்பு கிடையாது. அங்கே லேகம் மிட்டி எனப்பட்ட ஏடுகளில் நிலமும் அதற்குரிய இராசகாரியமும் பதியப்பட்டன.

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. நாட்டைப் பிடித்தவர்களுக்கு நாட்டினுள்ளே செல்ல வழி வேண்டியிருந்தது. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் வீதிகள் அமைப்பதையே தம் ஆட்சியின் தலையாய பணியாகக் கொண்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி கப்டன் டோசன் என்பவரின் மேற்பார்வையில் அமைந்தது. கடுகண்ணாவையிலே பாறையைக் குடைந்து வழி செய்தனர். 1829இல் டோசன் மறைந்தார். 1832ஆம் ஆண்டு அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. அந்தப் பாதையை வெட்டிய உழைப்பாளரோ இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பேரில் அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களுக்குக் கோபுரமும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைக்கு இணங்க 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது.

ஆனால் வீதிகளின் தேவை ஒழியவில்லை. கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, மூட்டைகளைக் கீழே இறக்கவும் அரிசியை மேலே ஏற்றவும் வண்டிப் பாதைகள் வேண்டும் என்று தோட்டத்துரைமார் நெருக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், தகுந்த உறுதி காட்டப்படாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதென்று கொள்ள வழி செய்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த கிராமத்தவரிடம் எழுத்தில் உறுதி இருக்கவில்லை. ஏட்டில் இல்லாதது இல்லை என்ற விதி மலைநாட்டில் அன்றே வேரூன்றியது. 1848ஆம் ஆண்டு வீதிக் கட்டளைச் சட்டமோ, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. வீதி என்ற சொல் மலைநாட்டுக் கிராமத்தவனின் காதில் வசதியின் பெயராக மட்டும் ஒலிக்கவில்லை என்பதை இது காட்டும்.

பின்னர் புகையிரதம் வந்தது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும் அது எட்டியது. அங்கிருந்து பட்டிப்பொல வழியாக மலைமுகட்டைக் கடந்து 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையைச் சேர்வதற்கு 1924ஆம் ஆண்டு ஆயிற்று. மலைகளைக் குடைந்தும் பாலங்களைக் கட்டியும் இப்பாதையை அமைப்பதில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு பெரும் பங்கு கொண்டது. அக்காலத்தில், பொதுத் தேவைக்காகத் தனியார் காணியை அரசாங்கம் எடுப்பதற்கு 1876ஆம் ஆண்டின் காணி எடுத்தற் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சுதந்திரத்தின் பின்னர் அதன் இடத்தில் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் வந்தது. இன்றும் பெருந்தெருக்களுக்குக் காணி எடுக்கும்போது அடிப்படையாக நிற்பது இச்சட்டமேயாகும்.

இச்சட்டம் ஒரு மனையை எவ்வாறு ஏட்டிலே மாற்றிவிடுகின்றது என்பதை நேயர்கள் சற்றுக் கவனித்தல் தகும். முதலில் 2ஆம் பிரிவின்படி, இப்பகுதியில் பொதுத் தேவைக்குக் காணி வேண்டியிருக்கின்றது என்ற அறிவித்தல் ஒட்டப்படும். பின்னர் 4ஆம் பிரிவின்படி ஆட்சேபனைகள் கோரப்படும். 5ஆம் பிரிவின்படி காணி எடுக்கப்படும் என்ற பிரகடனம் வரும். அதன் பின்னர் நில அளவையாளர் சங்கிலியோடும் கருவிகளோடும் வருவார். அவர் வரையும் பூர்வாங்க வரைபடத்தில் ஒவ்வொரு துண்டும் ஓர் இலக்கம் பெறும். அத்தோடு இணைக்கப்படும் அட்டவணையில் துண்டின் பெயர், பரப்பு, அதில் உள்ளவை, உரிமை கோருபவர் ஆகிய விபரங்கள் எழுதப்படும். 7ஆம் பிரிவின்படி அவ்விபரங்கள் வர்த்தமானியில் வெளிவந்து, உரித்துடையோர் வந்து தம் கோரிக்கையைச் சமர்ப்பிக்குமாறு அழைக்கும். 9ஆம் பிரிவின் கீழ் விசாரணை, 10ஆம் பிரிவின் கீழ் உரித்துத் தீர்மானம், 17ஆம் பிரிவின் கீழ் நட்டஈட்டுத் தீர்ப்பு, 38ஆம் பிரிவின் கீழ் உடைமை ஏற்பு என்று அது நடந்து முடியும். அவசரம் என்று அமைச்சர் கருதினால் நட்டஈட்டுத் தீர்ப்புக்கு முன்னரே உடைமையை ஏற்கவும் சட்டம் இடந்தருகின்றது.

வறண்ட நடையில் எழுதப்பட்ட அந்த அட்டவணைகளைப் பொறுமையோடு வாசிப்பவனுக்கு அவற்றுள்ளே ஓர் ஊர் தெரியும். இந்தத் துண்டிலே ஒரு வீட்டுத்தோட்டம், ஓட்டு வீடு ஒன்று, கிணறு ஒன்று. அடுத்த துண்டிலே ஒரு கடையின் முற்பகுதியும் மதிலும். அதற்கடுத்த துண்டிலே வயலின் ஓர் ஓரம் என்ற முறையிலே அவை செல்லும். துண்டின் பெயர் வத்த என்று முடிந்தால் அது தோட்டமாக இருந்தது என்றும், ஹேன என்று முடிந்தால் ஒரு காலத்தில் சேனையாக இருந்தது என்றும், கும்புர என்று முடிந்தால் வயலாக இருந்தது என்றும் அறியலாம். வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, அதன் மேல் தார் ஊற்றிப் பல்லாண்டு கழிந்த பின்னரும், அங்கே ஒரு கிணறு இருந்தது என்று சொல்வதற்கு அந்த ஒரு வரியே மிஞ்சும். இடிப்பதற்காக எழுதப்பட்ட ஏடே இடிந்த வீட்டின் ஒரே வரலாறாக ஆகிவிடுகின்றது.

ஆனால் அந்த ஏடு எல்லாரையும் எழுதுவதில்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலே உரித்துடையோர் என்பதற்குத் தரப்பட்டுள்ள வரைவிலக்கணம் உரிமையாளர், கூட்டுரிமையாளர், ஈடு பிடித்தவர், குத்தகைக்காரர் முதலியோரை உள்ளடக்குகின்றது. மாத வாடகைக்கு இருப்பவரை அது வெளிப்படையாகவே விலக்கிவிடுகின்றது. வாடகைக்காரனுக்கே இடமில்லையென்றால், வாடகைச் சீட்டும் இல்லாமல், தோட்டத்தில் வேலை செய்கின்றான் என்ற ஒரே காரணத்தினால் லயன் அறையில் குடியிருப்பவன் நிலை யாது?

மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு இக்கேள்வியைக் கூர்மையாக்குகின்றது. தோட்டங்கள் கம்பனிகளுக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் லயன்களும் கம்பனிகளுக்கே சொந்தம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தன. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமையாளன் மாறினான், குத்தகைக்காரன் மாறினான், லயத்தில் இருந்தவன் மாறவில்லை. நாலு தலைமுறையாக ஒரே காம்பிராவில் பிறந்து வளர்ந்து இறந்த குடும்பங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை அவர்களிற் பலர் குடியுரிமைக்காகக் காத்திருந்தனர். நாட்டின் இடாப்பில் ஏறுவதற்கே அத்தனை காலம் சென்றது என்றால், காணியின் இடாப்பில் ஏறாமற் போனதில் வியப்பில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒரு தோட்டத்தின் கீழ்க்கணக்கிலே வீதியை ஒட்டிப் பத்துக் காம்பிரா லயம் ஒன்று நிற்கின்றது. வீதியை அகலப்படுத்த அந்த லயத்தின் ஒரு கோடியில் இரண்டு காம்பிராக்களும், முன்னால் உள்ள மாரியம்மன் கோவிலின் வாசலும், பின்னால் தொழிலாளர் வைத்த கறித்தோட்டமும் போக வேண்டும். அளவையாளர் வரைபடத்தில் அது தோட்டத்தின் ஒரு துண்டு. அதில் தேயிலையும் கட்டடத்தின் ஒரு பகுதியும் இருக்கின்றன. உரிமை கோருபவர் நிலத்துக்குரிய அரச நிறுவனமும் குத்தகைக்காரராகிய கம்பனியும். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இரண்டு காம்பிராக்களில் உலை வைத்தவர்களின் பெயர் எங்கே? கறித்தோட்டத்துக்கு மண் சுமந்தவளின் பெயர் எங்கே? கோவில் வாசலிலே காமன்கூத்து ஆடியவர்களின் பெயர் எங்கே? அவர்கள் வீட்டை இழந்தவர்கள் அல்லர், ஏனெனில் ஏட்டின்படி அவர்களுக்கு வீடே இருக்கவில்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்ற பழமொழி இவர்களுக்கென்றே பிறந்தது போலும்.

மலைநாட்டில் மனைகளை விழுங்கியது வீதி மட்டும் அன்று. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்களும் ஊர்களை மூடின. 1969ஆம் ஆண்டு அமைந்த மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. வரட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் வெளியே தெரியும். மக்கள் திரண்டு சென்று அவற்றைக் கண்டு வருகின்றனர். கோவிற் சுவர் எழுந்து வந்து தன் கதையைச் சொல்லிவிடும். தார் வீதியின் கீழ் உள்ள மனைக்கு அந்தப் பேறும் இல்லை.

நேயர்கள் ஒன்றை இங்கே கருத வேண்டும். பெயரில்லாதவரைப் பதிவு செய்வது இயலாத காரியம் என்று எண்ணலாகாது. மனம் இருந்தால் அதற்கு வழியும் உண்டு என்பதற்கு மலைநாட்டிலேயே சான்று இருக்கின்றது. தலவாக்கலையில் 150 மெகாவாற்று மின்சாரம் பெறும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் நிறைவேறியது. அதற்காக ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்பெயர வேண்டியிருந்தது. அதற்கு முன்னரே, 2001ஆம் ஆண்டில், விருப்பின்றி இடம்பெயர்க்கப்படுவோரின் மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை ஒன்றை அமைச்சரவை ஏற்றிருந்தது. உறுதி இல்லாதவர்களும் பாதிக்கப்பட்டவர்களே என்பதும், அவர்களுக்கும் பரிகாரம் உண்டு என்பதும் அக்கொள்கையின் சாரம். அந்த நிலையிலே காணியை மட்டும் அளந்தாற் போதாது. குடும்பங்களையும் எண்ண வேண்டும். வீட்டின் தலைவர் யார், பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே வேலை, என்ன இழப்பு என்று எழுத வேண்டும். ஒல்லாந்தர் காலத்துக் காணித்தோம்பும் தலைத்தோம்பும் மீண்டும் ஒன்று சேர்ந்தாற் போன்ற நிலை அது.

தெற்கு அதிவேகப் பாதையின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. கொட்டாவையிலிருந்து காலிவரை 2011இலும், மாத்தறைவரை 2014இலும் திறக்கப்பட்ட அப்பாதைக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடு இழந்தன. சட்டப்படி கிடைக்கும் நட்டஈடு புதிய வீடு கட்டப் போதாது என்று கண்டபோது, இழந்ததற்கு ஈடான ஒன்றை மீண்டும் பெறுவதற்குரிய செலவைக் கணக்கிடும் குழுக்கள் அமைக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் அங்கே நேரில் வந்து தம் இழப்பை எடுத்துக் கூற வாய்ப்பிருந்தது. அந்தப் பாதையின் கோடு முதலிற் காட்டப்பட்ட இடத்திலிருந்து மாற்றப்பட்டபோது, புதிதாகப் பாதிக்கப்பட்டவர்களைக் கேளாமல் அவ்வாறு செய்தது முறையன்று என்று 2004ஆம் ஆண்டு இலங்கையின் உயர் நீதிமன்றம் கண்டு, அவர்களுக்கு இழப்பீடு வழங்குமாறு கட்டளையிட்டது. வழக்காடுவதற்கு அவர்களுக்குத் துணை நின்றவை அவர்கள் கையிலிருந்த உறுதிகளும் வரைபடங்களுமே என்பதை மறத்தலாகாது.

கடல் கடந்த நாடுகளிலும் இதே கதை நடந்திருக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1956ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நாடளாவிய பெருந்தெருக்கள் அமைக்கப்பட்டபோது நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடு பெயர்ந்தன என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களமே பின்னர் கூறியுள்ளது. டிட்ரொயிற் நகரத்திலே பிளாக் பொட்டம் என்ற பகுதியில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வாடகைக் குடிகள். அப்பகுதியை அழிக்கத் தீர்மானித்த நகர ஆட்சி, நட்டஈடு கணிக்கும் தேவைக்காக 1949, 1950ஆம் ஆண்டுகளில் அங்குள்ள கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. பின்னர் கட்டடங்கள் இடிந்தன. அப்பகுதியின் மேலாகப் பெருந்தெரு ஓடிற்று. அந்தப் படங்கள் மட்டும் அந்நகரப் பொது நூலகத்தின் சுவடித்தொகுதியில் தங்கின. எழுபது ஆண்டுகளின் பின்னர் அப்படங்களை வரிசையாக ஒட்டி வைத்து, மறைந்த தெருக்களை மக்கள் மறுபடி நடந்து பார்க்கும் வகையிலே கண்காட்சி அமைத்தனர். தம் பாட்டனார் இருந்த வீட்டின் படியை இதுவே என்று பேரப்பிள்ளைகள் சுட்டிக் காட்டக் கூடியதாயிற்று. அழிப்பதற்காக எடுத்த படமே அழியாத சாட்சியாக நின்றது.

தமிழ்நாட்டிலும் அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 277 கிலோமீற்றர் நீளமான எட்டுவழிச் சாலை ஒன்றை அமைக்க 2018இல் முயற்சி தொடங்கிற்று. நிலம் முறைப்படி எடுக்கப்படும் முன்னரே வருவாய்த்துறைக் கணக்குகளில் உழவர்களின் பெயர் மாற்றப்பட்டதாக வழக்கு எழுந்தது. 2019ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு நடவடிக்கையை நீக்கியது. 2020ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பின் பிற பகுதிகளை மாற்றியபோதிலும், கணக்கில் முன்கூட்டியே பெயரை மாற்றியது செல்லாது என்ற பகுதியை ஏற்று, பழைய பெயர்களையே மீண்டும் எழுதுமாறு பணித்தது. ஏட்டிலே மை சிந்தும் முன்னர் மண்ணிலே மண்வெட்டி விழக்கூடாது என்பதோடு, மை சிந்துவதும் முறையோடு நடக்க வேண்டும் என்பதே இதன் பொருள். உழவனிடம் பட்டா இருந்தது. ஆதலால் பெயரை மீட்க முடிந்தது. ஆரம்பத்திலேயே பெயர் எழுதப்படாதவனுக்கு மீட்க என்ன இருக்கின்றது?

பெயர் எழுதப்படாமையினால் வரும் கேடு நட்டஈட்டோடு நின்றுவிடுவதன்று. பட்டிப்பொலவைத் தாண்டி மலைமுகட்டின் அப்பால், அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டம் இருக்கின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை சரிந்து அங்குள்ள லயன்களை மூடிற்று. எத்தனை பேர் மண்ணுக்குள்ளே இருக்கின்றனர் என்ற கேள்விக்கு உடனே விடை கூற எவராலும் இயலவில்லை. நூறு என்றும் இருநூறு என்றும் முந்நூறு என்றும் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிற்று. ஒரு லயத்தில் இருந்தவர் எத்தனை பேர் என்பதே தெளிவில்லாதபோது, இறந்தவரை எண்ணுவதும் அரிதாகிவிடுகின்றது. இடாப்பு என்பது வெறும் எழுத்துவேலை அன்று என்பதை அந்த நாள் நாட்டுக்கு உணர்த்திற்று.

அப்படியாயின் மலைநாட்டில் மறைந்த மனைகளின் வரலாற்றை எழுதவே முடியாதா? முடியும். காணி இடாப்பு கைவிட்டவர்களைப் பிற இடாப்புக்கள் கைவிடவில்லை. தோட்டத்து செக்றோலிலே வேலை செய்தவர்களின் பெயர் நாள்தோறும் விழுந்திருக்கின்றது. பிறப்பு, இறப்புப் பதிவுகளிலே தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கின்றது. கோவில் வரவு செலவுப் புத்தகத்திலே திருவிழாவுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர் இருக்கும். யாவற்றுக்கும் மேலாகத் தோட்டப் பாடசாலையின் சேர்விடாப்பு இருக்கின்றது. பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், பிறந்த திகதி, வசிக்கும் இடம், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் ஆகிய விபரங்கள் அதில் வரிசையாக நிற்கும். ஒரே மாதத்தில் ஒரே லயத்துப் பிள்ளைகள் பலர் விலகினார்கள் என்றால், அந்த லயத்துக்கு ஏதோ நேர்ந்தது என்பது வெளிப்படை. இந்தியாவுக்குப் போனார்களா, வேறு கணக்குக்கு மாற்றப்பட்டார்களா, வீதிக்காக லயம் இடிந்ததா என்பதைப் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தோடும், அவ்வாண்டு வர்த்தமானியோடும், நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தோடும் ஒப்பிட்டு அறியலாம். காணித்தோம்பு ஒரு கையிலும் தலைத்தோம்பு மறு கையிலும் இருந்தால், மறைந்த லயம் கண்முன்னே மறுபடி எழும்.

இவ்வேடுகளுக்குப் பகை மலைநாட்டின் ஈரமும் கறையானும் மனிதரின் அசட்டையுமே. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே கொழும்பிலிருந்த அரசாங்கச் சுவடிகள் பாதுகாப்புக் கருதி நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே வைக்கப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் காலத்து ஏடுகளை அந்தக் குளிரிலும் ஈரத்திலும் கண்ணும் கருத்துமாகக் காத்தனர். அதே நகரத்தைச் சூழ்ந்துள்ள தோட்டங்களின் பழைய செக்றோல்களும் பாடசாலை இடாப்புக்களும் அலுமாரிகளின் அடித்தட்டிலே மக்கிப்போக விடப்படுவது முறையாகுமா? 1973ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டம் அரச ஏடுகளைக் கண்டபடி அழிப்பதைத் தடுக்கின்றது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தம் ஊரின் காணி எடுப்புப் பற்றிய கோப்பைக் கேட்டுப் பார்க்கும் உரிமையை ஒவ்வொரு பிரசைக்கும் தந்திருக்கின்றது. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கின்றது. உள்ளே செல்பவர்களே வேண்டும்.

பட்டிப்பொலவைச் சூழ்ந்த மலைகளிலும், ஹட்டன், தலவாக்கலை, இராகலைப் பகுதிகளிலும் வீதிகள் இனியும் அகலும். அகல வேண்டியதும் அவசியமே. நோயாளியை நேரத்தோடு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும், பிள்ளை மேல்வகுப்புப் படிக்க நகரத்துக்குச் செல்வதற்கும், மரக்கறி வாடாமல் சந்தை சேர்வதற்கும் நல்ல வீதி வேண்டும். வீதி வேண்டாம் என்று எவரும் கூறார். வீதிக்கு இடம் விட்டவர்களின் பெயரையும் எழுதிவிட்டு வீதியைப் போடுங்கள் என்பதே கேள்வி. அளவையாளர் துண்டுக்கு இலக்கமிடும் அன்றே, அத்துண்டிலுள்ள ஒவ்வொரு காம்பிராவிலும் இருப்பவர்களின் பெயரை எழுதிக்கொள்ளலாம். ஒரு படமும் எடுத்து வைக்கலாம். வீதியின் செலவோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிக அற்பம்.

தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கொடுக்கும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் நடைபெற்று வருகின்றன. 2018ஆம் ஆண்டு மலையகப் பகுதிக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை ஒன்றும் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அந்த 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி பெறும் குடும்பம் வெறும் நிலத்தை மட்டும் பெறவில்லை. நாளை ஒரு வீதி அவ்வழியே வருமாயின், வர்த்தமானியின் அட்டவணையிலே உரிமை கோருபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதுவிக்கும் உரிமையையும் பெறுகின்றது. உறுதி கைக்கு வராத வீடு சுவரும் கூரையும் கொண்ட இன்னொரு லயன் அறையே. ஆகவே வீடு கட்டி முடிந்ததோடு காரியம் முடிந்தது என்று இருந்துவிடாமல், உறுதி எழுதிப் பதிந்து கையில் கிடைக்கும்வரை கேட்டுப் பெறுதல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். அதுவரை, இருந்த இடத்தின் பெயரையும் இருந்தவர்களின் பெயரையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது, எழுத்தறிந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய பணியாகும்.